எம்ஜிபி காரில் எண்ணெய் ஒழுக்கு: இன்ஜினை இறக்குவதற்கு முன்

கேள்வி: அண்ணா, மாமா வைத்திருந்த 1971ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடி என்ற பிரிட்டிஷ் கார் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் ஏற்றமான பாதையில் நிறுத்துகிறேன். காலையில் பார்த்தால் உள்ளங்கை அளவுக்கு எண்ணெய் தேங்கியிருக்கிறது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து சொட்டுகிறது. பட்டறையில் காட்டினேன். பின்பக்க மெயின் சீல் (கிராங்க் தண்டின் பின்முனையில் எண்ணெயைத் தடுக்கும் வளையம்) போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்றார்கள். பெயர் மாற்றத்துக்கு, வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற ரோட்வொர்த்தி சான்றிதழும் வாங்க வேண்டும். வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

பதில்:

முடியும், தம்பி. ஆனால் இன்ஜினை இறக்குவதிலிருந்து தொடங்க வேண்டாம். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தை மூடும் பெல் ஹவுசிங் என்ற உறையின் அடியில் எண்ணெயைக் கண்டதும் பின்பக்க சீல் என்று சொல்லிவிடுவது பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. எண்ணெய் சொட்டும் இடம் அதுதான், மறுக்கவில்லை. அது புறப்பட்ட இடமும் அதுதானா என்பதே கேள்வி. எண்ணெய் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது ரேடியேட்டர் வழியாக வரும் காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே இன்ஜினின் மேல்மூடியான ராக்கர் கவரில் கசிந்தாலும், பக்கவாட்டு டேப்பட் கவரில் கசிந்தாலும், சில சமயம் முன்பக்கச் செயின் கவரில் கசிந்தாலும்கூட எண்ணெய் கடைசியில் பெல் ஹவுசிங்கில்தான் வந்து சேரும். இன்ஜினை இறக்கி, சீலை மாற்றி, மறுபடி ஏற்றிய பிறகும் அதே இடத்தில் எண்ணெய் சொட்டுவதைப் பார்த்து நொந்துபோனவர்கள் டர்பனில் குறைவில்லை.

உங்கள் வண்டியில் இருப்பது 1798 சிசி பி-சீரிஸ் இன்ஜின். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபி வண்டிகள் தயாராயின. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஓடியது இந்த இன்ஜின்தான். தமிழ்நாட்டில் நம் உறவினர்கள் ஓட்டிய பழைய அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. அங்கே அறுபதைக் கடந்த எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் டேப்பட் கவர் ஒழுக்கைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். முரட்டு இன்ஜின். எளிதில் சாகாது. ஆனால் அதன் மூட்டுகள் பலவும் மெல்லிய தகடு, கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் கார்க் கேஸ்கெட், சில போல்ட்டுகள் என்ற அளவில்தான் மூடப்பட்டிருக்கின்றன. அந்தத் தகடுகளை ஐம்பது ஆண்டுகளாக ஒவ்வொருவரும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முறுக்கி வளைத்திருப்பார்கள். உங்கள் மாமாவும் விதிவிலக்காக இருந்திருக்க மாட்டார்.

முதலில் அளவைப் பாருங்கள். எண்ணெய் சுமார் 20 சொட்டு சேர்ந்தால்தான் ஒரு மில்லிலிட்டர். சிமென்ட் தரையில் உள்ளங்கை அளவு பரவிய கறை பார்க்கப் பயமாக இருக்கும். உண்மையில் அது சில மில்லிலிட்டராக இருக்கலாம். வண்டிக்கடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்து, முன் சக்கரங்கள் இரண்டும் எங்கே நிற்கின்றன என்று அதில் குறித்துவிடுங்கள். இரண்டு மூன்று இரவுகள் போனால் சொட்டு எந்த இடத்தில், எத்தனை இடத்தில் விழுகிறது என்று தெரியும். முடிந்தால் அந்த இரவுகளில் ஒன்றில் வண்டியை மட்டமான தரையில் நிறுத்துங்கள். சாட்ஸ்வர்த்தில் மட்டமான தரையைத் தேடுவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இது முக்கியம். வண்டியின் மூக்கு மேடு நோக்கி நின்றால் இன்ஜினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் இருக்கும் எண்ணெய் முழுவதும் பின்பக்கமாகச் சாய்ந்து, பின்பக்கச் சீலின் பக்கம் மட்டம் உயரும். ஓடும்போது ஒழுங்காக இருக்கும் சீல்கூட அப்படி இரவு முழுக்க நின்றால் கசியலாம். மட்டமான தரையில் சொட்டு கணிசமாகக் குறைந்தால் பின்பக்கத்தின் மீதான சந்தேகம் வலுக்கும். குறையவில்லை என்றால் ஒழுக்கு மேலே எங்கோ இருக்கிறது.

மேட்டில் நிறுத்துவதால் இன்னொரு வம்பும் உண்டு. சரிவில் நிற்கும் வண்டியில், எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் பொய் சொல்லும். குறைவாகக் காட்டுகிறதே என்று ஊற்றி ஊற்றி, இன்ஜினில் அளவுக்கு மேல் எண்ணெய் நிரம்பியிருக்கலாம். மட்டமான இடத்தில், இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் வடித்துவிடுங்கள். சில ஒழுக்குகள் இதோடு பாதியாகக் குறைந்துவிடும்.

அடுத்தது கழுவுதல். இதைச் செய்யாமல் யாராலும் ஒழுக்கைக் கண்டுபிடிக்க முடியாது. ஐம்பது ஆண்டு எண்ணெயும் தூசியும் சேர்ந்து இறுகிய படலத்தின் மீது புது எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிய எந்தக் கெட்டிக்காரராலும் ஆகாது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, டிஸ்ட்ரிபியூட்டரையும் ஆல்டர்னேட்டரையும் கார்புரேட்டர் வாய்களையும் பிளாஸ்டிக் பையால் கட்டுங்கள். பாரஃபினும் (மண்ணெண்ணெய்) பிரஷ்ஷும் போதும். பெட்ரோலால் கழுவாதீர்கள், மூடிய கராஜில் அதன் ஆவிக்கு ஒரு சிறு பொறி போதும். பாட்டரித் தொடர்பையும் கழற்றிவிடுங்கள். இந்த வண்டியில் பாட்டரி இருக்கைகளுக்குப் பின்னால், தரைத் தகட்டின் கீழே இருக்கும்; ஆலையிலிருந்து வந்தபோது 6 வோல்ட் பாட்டரிகள் இரண்டாக இருந்தன, இப்போது யாராவது ஒரே 12 வோல்ட்டாக மாற்றியிருக்கலாம்.

கழுவி உலர்ந்ததும் சந்தேகப்படும் இடங்களில் முகப்பவுடரைத் தூவுங்கள். குழந்தைகளுக்குப் போடும் சாதாரணப் பவுடர்தான். ராக்கர் கவரின் விளிம்பு, அதன் பின்மூலை, இடதுபக்க டேப்பட் கவர்கள், சம்ப் விளிம்பு, முன்பக்கப் புல்லியின் பின்புறம். பிறகு ஹிகின்சன் நெடுஞ்சாலையில் ஒரு பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரமான இடங்களில் மிக உயரத்தில் இருப்பது எதுவோ அதுதான் முதல் குற்றவாளி. அதைச் சரிசெய்யாமல் கீழே உள்ளவற்றின் மீது தீர்ப்பு எழுத வேண்டாம்.

இங்கே எம்ஜிபிக்கே உரிய ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். மற்ற பல கார்களில் கியர்பாக்ஸ் எண்ணெய் கந்தக வாடை அடிக்கும். முகர்ந்தாலே இது இன்ஜின் எண்ணெய் இல்லை என்று தெரிந்துவிடும். உங்கள் ஆண்டு எம்ஜிபியின் கியர்பாக்ஸுக்கும் ஓவர்டிரைவுக்கும் இன்ஜினில் ஊற்றும் அதே 20டபிள்யூ-50 எண்ணெய்தான். முகர்ந்தும் பயனில்லை, நிறத்தைப் பார்த்தும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆகவே புற ஊதா ஒளியில் மின்னும் சாயத்தை இன்ஜின் எண்ணெயில் மட்டும் கலந்து, அதற்குரிய டார்ச்சால் பாருங்கள். பெல் ஹவுசிங்கில் சொட்டுவது மின்னவில்லை என்றால் அது கியர்பாக்ஸின் முன்பக்கத்திலிருந்து வருகிறது. இன்ஜின் சீலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சொட்டுவது தண்ணீர்போல் மெலிதாக, வழவழப்பின்றி, பெயின்ட்டை உரிப்பதாக இருந்தால் அது எண்ணெயே இல்லை. பெல் ஹவுசிங்கின் பக்கத்தில் உள்ள கிளட்ச் சிலிண்டரிலிருந்து வரும் ஹைட்ராலிக் திரவம்.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். இன்ஜினுக்கு மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள்.

எவ்வளவு நல்ல பிஸ்டன் ரிங்காக இருந்தாலும் எரியும் வாயுவில் கொஞ்சம் அதைத் தாண்டிக் கீழே கிராங்க் சுழலும் அறையான கிராங்க் கேஸுக்குள் இறங்கும். பழைய இன்ஜினில் இன்னும் கூடுதலாக இறங்கும். அந்த வாயு வெளியேற வழி இல்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் எந்த மூட்டு பலவீனமோ அதன் வழியே எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். மூச்சுக்குழாய் அடைபட்ட இன்ஜினில் நீங்கள் எத்தனை புதுக் கேஸ்கெட் போட்டாலும் அது அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிக்கொள்ளும். ஒழுக்கு இடம் மாறுமே தவிர நிற்காது. இதைச் சோதிக்கச் செலவு ஒன்றுமில்லை. ஆனால் பட்டறைகளில் இதைச் சோதிப்பவர்கள் அரிது. ஏனென்றால் இதற்கு ரசீது எழுத முடியாது.

உங்கள் வண்டியில் வழி இப்படி: எண்ணெய் ஊற்றும் மூடிக்குள் ஒரு சிறு வடிகட்டி இருக்கும், அதன் வழியாகச் சுத்தக் காற்று ராக்கர் கவருக்குள் நுழையும். அங்கிருந்து புஷ்ராட் துளைகள் வழியே இறங்கி, இடதுபக்கத்தில் முன்னால் உள்ள டேப்பட் கவருக்கு வரும். அந்தக் கவரோடு ஒரு டப்பா ஒட்டியிருக்கும். உள்ளே கம்பி வலை. எண்ணெய்த் துளிகளை அது பிடித்து வைத்துக்கொள்ள, வாயு மட்டும் ரப்பர் குழாய் வழியே கவட்டை வடிவ இணைப்புக்குச் சென்று, இரண்டு எஸ்யு கார்புரேட்டர்களாலும் உறிஞ்சப்படும். 1964க்குப் பிந்தைய சில ஆண்டு வண்டிகளில் இதற்குப் பதிலாக மேனிஃபோல்டின் மீது காளான் வடிவ வால்வு ஒன்று இருக்கும்; உங்களுடையதில் அது இருக்க வாய்ப்பு குறைவு. யாராவது பழைய இன்ஜினை மாற்றிப் போட்டிருந்தால் தவிர.

இன்ஜின் சூடாகி மெதுவாக ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்து, துளையின் மீது மெல்லிய தாள் ஒன்றை வையுங்கள். தாள் லேசாக உள்ளிழுக்கப்பட வேண்டும். அசையாமல் கிடந்தால் எங்கோ அடைப்பு. புஸ்புஸ்ஸென்று தூக்கியடித்தால் அடைப்பு, அல்லது பிஸ்டன் ரிங் தேய்வு. அப்போது நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் பார்க்க வேண்டும். ஒன்று மற்றவற்றைவிடப் பெரிதும் குறைந்திருந்தால் பேச்சே வேறு. ஆனால் பெரும்பாலும் காரணம் அந்தக் கம்பி வலை டப்பாதான். அதைத் திறக்க முடியாது. கவரோடு கழற்றி, ஓர் இரவு பாரஃபினில் ஊறவைத்து, குலுக்கி, வாயால் ஊதினால் தடையின்றிக் காற்று போகும்வரை கழுவுங்கள். ரப்பர் குழாய்கள் உட்புறம் உப்பியோ பிசுபிசுத்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள். கார்புரேட்டரில் குழாய் சேரும் சிறு துளைகளில் கரி அடைந்திருக்கும். மெல்லிய கம்பியால் எடுங்கள். எண்ணெய் மூடியின் வடிகட்டியைக் கழுவ முடியாது; அந்த மூடியைச் சுமார் 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை புதிதாக மாற்ற வேண்டும். பளபளப்பான அலுமினிய மூடி ஒன்றை அழகுக்காக யாராவது போட்டிருந்தால், அதில் காற்று நுழையும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். டர்பனின் ஈரக் காற்றில், கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் போய்வரும் வண்டியில், மூச்சு சரியில்லாவிட்டால் மூடியின் அடியில் வெண்ணெய் நிறக் கசடு படியும். அதைக் கண்டால் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று உடனே பதற வேண்டாம்.

மூச்சு சரியான பிறகு ராக்கர் கவர். இது சுலபம். நட்டு இரண்டு. நட்டின் அடியில் உள்ள ரப்பர் புஷ்ஷும் கல்லாகிப் போயிருக்கும். கேஸ்கெட்டை மட்டும் மாற்றி இதை விட்டுவிடுவார்கள். இரண்டையும் மாற்றுங்கள். கவரைக் கண்ணாடிப் பலகை மீது கவிழ்த்துப் பார்த்தால் விளிம்பு எங்கே வளைந்திருக்கிறது என்று தெரியும். கேஸ்கெட்டைக் கவரின் பக்கம் மட்டும் பசையால் ஒட்டி, ஹெட்டின் பக்கம் மெல்லிய கிரீஸ் தடவி வையுங்கள். அடுத்த முறை வால்வு இடைவெளி பார்க்கத் திறக்கும்போது கிழியாது. நட்டுக்கு 5.4 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். அது எவ்வளவு குறைவு என்று கையில் பிடித்தால்தான் தெரியும்.

டேப்பட் கவர்தான் உண்மையான வேலை. இடதுபக்கத்தில், அதாவது பயணி பக்கத்தில், மேனிஃபோல்டுகளுக்கு அடியில் முன்னும் பின்னுமாக இரண்டு தகட்டுக் கவர்கள். ஒவ்வொன்றையும் பிடித்திருப்பது நடுவில் ஒரே ஒரு போல்ட். தலைக்கு மேலேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கொதிக்கிறது. கார்க் கேஸ்கெட் அந்தச் சூட்டில் வெந்து அப்பளம்போல் நொறுங்கும். கசிவதைக் கண்டவர்கள் போல்ட்டை இறுக்குவார்கள். நடுவில் இறுக்க இறுக்கத் தகடு நடுவில் குழிந்து, விளிம்புகள் மேலெழும்பி, முன்பைவிட அதிகமாக ஒழுகும். பின்பக்கக் கவர் ஒழுகினால் எண்ணெய் நேராகச் சம்ப் விளிம்பில் இறங்கி, பின்னோக்கி ஓடி, பெல் ஹவுசிங்கில் சொட்டும். பின்பக்க மெயின் சீல் ஒழுக்கு என்று பெயர் வாங்கும் ஒழுக்குகளில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

மேனிஃபோல்டைக் கழற்றாமல் கைவிட்டுத் துழாவி இந்தக் கவர்களை மாற்றுபவர்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் வைத்த கேஸ்கெட் சரியாக உட்கார்ந்ததா என்று யாருக்குத் தெரியும்? கார்புரேட்டர்கள், வெப்பத் தடுப்புத் தகடு, மேனிஃபோல்டுகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் குழாயைப் பிடிக்கும் நட்டுகளுக்கு முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெயை அடித்து வையுங்கள். ஸ்பேனர்கள் அங்குல அளவில், ஏஎஃப் வகையில் இருக்க வேண்டும். மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறக்குறையப் பொருந்துவதுபோல் தோன்றி, நட்டின் மூலைகளை உருட்டிவிடும்.

கவர் வெளியே வந்ததும் பழைய கார்க்கைச் சுரண்டும்போது துணுக்குகள் உள்ளே விழாமல் துணி அடைத்துக்கொள்ளுங்கள். கவரை மட்டமான இரும்பின் மீது வைத்து, வளைந்த விளிம்பைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி நேராக்குங்கள். இதற்குப் பொறுமை வேண்டும். கேஸ்கெட்டை விட இதுதான் ஒழுக்கை நிறுத்துகிறது. புதுக் கேஸ்கெட்டைக் கவரில் ஒட்டி, மேலே ஒரு கனத்தை வைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். கடையில் நெடுநாள் கிடந்த கார்க் காய்ந்து சுருங்கி, துளை பொருந்தாமல் இருந்தால் வெந்நீரில் சற்று ஊறவையுங்கள். பழைய அளவுக்குத் திரும்பும். வறண்ட ஜொஹானஸ்பர்க்கில் இந்தத் தொல்லை அதிகம், கடலோரத்தில் குறைவு. போல்ட்டின் தலைக்கடியில் உள்ள சீல் வாஷரையும் மாற்ற வேண்டும், அதன் வழியாகவும் எண்ணெய் வரும். முறுக்கு 2.7 நியூட்டன் மீட்டர். சாதாரண டார்க் ஸ்பேனர் இவ்வளவு குறைவாகக் காட்டவே காட்டாது. குட்டை ஸ்பேனரை இரண்டு விரலால் பிடித்துக் கார்க் லேசாக அமுங்கும்வரை திருப்பினால் சரி. மூடும்போது மேனிஃபோல்டு கேஸ்கெட்டையும் எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டுகளையும் புதிதாகப் போடுங்கள்.

சிலிக்கோன் பசையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் எதற்கும் அதையே அப்புகிறார்கள். காற்றின் ஈரத்தில் இறுகும் பொருள் என்பதால் டர்பனில் அது விரைவில் இறுகும், அதனால் எல்லாருக்கும் பிரியம். வெளியே பிதுங்கி நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும் என்பதை யாரும் நினைப்பதில்லை. அது பிய்ந்து எண்ணெய் பம்ப்பின் வலையில் போய் அடைத்தால் ஒழுக்குக்காகச் செய்த வைத்தியம் இன்ஜினைக் கொன்றுவிடும். மூலைகளில் கடுகளவு, அவ்வளவுதான்.

வலதுபக்கம் விரைவாகப் பார்த்துவிடலாம். எண்ணெய் ஃபில்டரின் ரப்பர் வளையம் இரட்டையாக ஒட்டிக்கிடக்கிறதா, டிஸ்ட்ரிபியூட்டரின் அடிப்பகுதி ஈரமாக இருக்கிறதா, எண்ணெய்க் குளிர்விப்பான் குழாய்கள் வெடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். இவற்றில் ஒன்றை மட்டும் நாளை என்று தள்ளிப்போடாதீர்கள்: பிளாக்கிலிருந்து டாஷ்போர்டின் எண்ணெய் அழுத்த மானிக்குப் போகும் சிறு ரப்பர் குழாய். அதில் ஓடுவது இன்ஜினின் முழு அழுத்தம், ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 பவுண்டு. மற்ற ஒழுக்குகள் தரையை அழுக்காக்கும்; இது வெடித்தால் சில நிமிடங்களில் சம்ப் காலியாகி, பேரிங்குகள் எரிந்துவிடும். வயது தெரியாத குழாய் என்றால் நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

சம்ப் கேஸ்கெட்டுக்கும் டேப்பட் கவரின் கதையேதான். போல்ட் துளைகளைச் சுற்றிலும் தகடு குழிந்திருக்கும். இன்ஜின் மவுண்டுகளைத் தளர்த்திச் சற்றுத் தூக்கினால்தான் சம்ப் வெளியே வரும். ஆகவே மேலே உள்ள எல்லாம் காய்ந்து, விளிம்பு மட்டும் நனைகிறது என்று உறுதியான பின்பே இதில் கை வையுங்கள். முன்னும் பின்னும் மெயின் பேரிங் மூடியின் பள்ளத்தில் உட்காரும் கார்க் பட்டைகள் இரண்டும் சரியாக அமர்ந்தால் வேலை முடிந்த மாதிரி. 8 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் வேண்டாம். வெறும் வடிகால் போல்ட் மட்டும் நனைந்தால் செம்பு வாஷரை மாற்றினால் தீர்ந்தது.

வண்டிக்கடியில் போவதற்கு முன், அந்த ஏற்றப் பாதையில் ஜாக் போடவே போடாதீர்கள். மட்டமான, உறுதியான தரை வேண்டும். ஜாக் தூக்குவதற்கு, தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டுகள். செங்கல்லை அடுக்கி அதன் கீழே படுப்பவர்களை இன்னமும் பார்க்கிறேன். செங்கல் முன்னறிவிப்பு கொடுத்து உடையாது. வீட்டில் ஒருவர் அருகில் இருக்கட்டும்.

முன்பக்கச் செயின் கவர் சீல் போயிருந்தால் ரேடியேட்டரையும் புல்லியையும் கழற்ற வேண்டும். ஸ்டியரிங் ரேக் வழியில் நிற்பதால் அதையும் நகர்த்த வேண்டியிருக்கும். இரண்டு நுணுக்கங்கள் போதும். கிராங்க்கின் முனையில் எண்ணெய் எறியும் தகட்டு வளையம் ஒன்று இருக்கும். அதில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அந்தப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும். கவரைப் பொருத்தும்போது போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, புல்லியை உள்ளே நுழைத்து, சீல் தானாக நடுவில் அமர்ந்த பிறகே இறுக்க வேண்டும். புல்லியின் கழுத்தில் பழைய சீல் தேய்த்த பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டால் புதுச் சீலும் நிற்காது. மெல்லிய எஃகு உறை மாட்டலாம். சீலின் எண் அழிந்திருந்தாலும் கவலையில்லை. பழையதை எடுத்துக்கொண்டு ஜேக்கப்ஸ், மோபேனி பக்கம் சீல், பேரிங் விற்கும் கடைகளுக்குப் போனால் உள்விட்டம், வெளிவிட்டம், கனம் மூன்றையும் அளந்து பொருத்தமானதைத் தருவார்கள். இங்கிலாந்திலிருந்து வரவழைக்கும் கேஸ்கெட்டுகளுக்கு மட்டும் காத்திருந்தால் போதும்.

இத்தனைக்கும் பிறகு வெளிப்புறம் முழுவதும் உலர்ந்திருக்க, பெல் ஹவுசிங்கின் அடியில் பிளவு ஊசி தொங்கும் சிறு துளையிலிருந்து மட்டும் சாயம் கலந்த எண்ணெய் மின்னிக்கொண்டு சொட்டினால், பட்டறைக்காரர் சொன்னது சரி. பின்பக்கச் சீல்தான். 1964க்கு முந்தைய மூன்று பேரிங் இன்ஜின்களில் சீலே கிடையாது. கிராங்க்கில் வெட்டிய திருகு மறை எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். உங்களுடைய ஐந்து பேரிங் இன்ஜினில் ரப்பர் சீல் இருக்கிறது, மாற்றலாம். ஆனால் இன்ஜின் வெளியே வந்தாக வேண்டும். ஒரு நாளைக்கு நாலு சொட்டு என்றால் நான் அதற்காக இறக்க மாட்டேன். கிளட்ச் வழுக்கத் தொடங்கும்போதோ, எண்ணெய் பட்டுக் கிளட்ச் உதறும்போதோ இரண்டையும் ஒன்றாக முடிப்பேன். அப்போதும் இன்ஜினைத் தூக்கும் தொங்கு ஜாக்கை வாடகைக்கு எடுத்து, விவரம் தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டால் வீட்டிலேயே ஆகும். கிராங்க்கில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் சீலைச் சற்று முன்னோ பின்னோ தள்ளி அமர்த்தி, அதன் உதட்டில் எண்ணெய் தடவி ஏற்ற வேண்டும்.

ஒழுக்கை நிறுத்தும் என்று புட்டியில் விற்கும் மருந்து ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைக்கும். கார்க்கை ஒன்றும் செய்யாது. இந்த இன்ஜினில் ஒழுகுவது பெரும்பாலும் கார்க் என்பதால் அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம். எண்ணெய் 20டபிள்யூ-50 தாதுவகை, துத்தநாகச் சேர்மம் போதிய அளவு உள்ளதாகப் பாருங்கள். இந்த வகை டேப்பட்டுகளுக்கு அது வேண்டும். நவீன கார்களுக்கான 5டபிள்யூ-30ஐ ஊற்றினால் டர்பன் வெயிலில் மெலிந்து, இதுவரை ஒழுகாத இடமும் ஒழுகும்.

ரோட்வொர்த்திக்குப் போகும் காலையில் மட்டும் இன்ஜினைக் கழுவிவிட்டுப் போகும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. வரிசையில் காத்திருக்கும்போதே சொட்டத் தொடங்கிவிடும். கவர்களை மூடி நூறு இருநூறு கிலோமீட்டர் ஓட்டி, போல்ட்டுகளை ஒருமுறை தொட்டுப் பார்த்து, அட்டை காய்ந்திருந்தால் அழைத்துச் செல்லுங்கள்.

வடித்த பழைய எண்ணெயை வீட்டு வாசல் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். அது மழைநீரோடு உம்ஹ்லதுசானா ஆற்றில் இறங்கி, துறைமுக விரிகுடாவுக்குத்தான் போகும். மூடியுள்ள டப்பாவில் சேர்த்து வையுங்கள். பழைய எண்ணெயைத் திரட்டும் வேலையை இந்நாட்டில் ரோஸ் அறக்கட்டளை ஒருங்கிணைக்கிறது, பல பெட்ரோல் நிலையங்களும் பட்டறைகளும் வாங்கிக்கொள்ளும். ஃபில்டரை ஓர் இரவு கவிழ்த்து வடித்துவிட்டு அதையும் சேர்த்துக் கொடுங்கள். தண்ணீரோ பாரஃபினோ கலந்துவிட்டால் எடுக்க மாட்டார்கள், ஆகவே கழுவிய பாரஃபினைத் தனி டப்பாவில் வையுங்கள்.